கால் கிராம் நிழல்

அசையாதீங்கண்ணா. ஒரே நிமிஷம், ரெண்டு கையையும் அப்படியே வச்சிருங்க. ரெண்டும் கிடைச்சிருச்சு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். குறுக்கே வந்த ஆட்டுக்காக டிரைவர் பிரேக் போட்டாரே, பை மடியிலிருந்து நழுவி வாயைப் பிளந்து ரெண்டும் உருண்டு போச்சு. இந்த பஸ்ஸில் ஐம்பது பேர் கால், அத்தனையும் செருப்புக் கால். ஒரு மிதி போதும்.

இப்போ நான் கேட்கிறதுக்கு நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. எது எங்கே கிடந்தது? ஒண்ணு உங்க செருப்புக்குப் பக்கத்தில். இன்னொண்ணு முன் சீட்டுக்கு அடியில், அந்த அம்மாவோட வெங்காயப் பையை ஒட்டி. சரி. செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது எந்தக் கையில் இருக்குது?

தெரியாதுங்களா.

இல்லீங்க, உங்களைக் குறை சொல்லலை. யாருக்குத்தான் தெரியும். ரெண்டும் ஒரே சாம்பல் கலர், ஒரே டேப்பு, கோழிமுட்டையைவிட ஒரு சுற்றுப் பெரிசு. நானே பார்த்தாலும் தெரியாது. அதனாலதான் ஒண்ணைப் பையோட இடது அறையில், இன்னொண்ணை வலது அறையில் வச்சிருந்தேன். இடது, வலது, அதுதான் அடையாளம். அந்த அடையாளம் இப்போ பஸ் தரையில் உருண்டு போச்சு.

ஆட்டாதீங்கண்ணா. உள்ளே கொம்பு இருக்குது, ஒடிஞ்சிரும்.

பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை. பொம்மைதான். ஜப்பானில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு பெட்டி இருக்குமாம். காசைப் போட்டுப் பிடியைத் திருகினால் இப்படி ஒரு முட்டை விழும். நாங்கள் முட்டை என்றுதான் சொல்வோம். திறக்கிற வரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இதில் இருப்பது ரோபோ. டெட்சுமோரி என்று அங்கே ஒரு கார்ட்டூன், அதில் வருகிற ரோபோக்கள். கட்டைவிரல் அளவுதான், ஆனால் முழங்கால் மடங்கும், கைவிரல் அஞ்சும் தனித்தனியாகத் தெரியும். மொத்தம் பத்து. எங்கள் வாயில் நுழைகிற மாதிரி நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். சிவப்பாகக் கொம்போடு இருப்பது செங்கொம்பன். ஒற்றைக்காலில் நிற்பது கொக்கு. இப்படிப் பத்து.

பதினொண்ணாவது ஒண்ணு உண்டு. முட்டைக்குள் மடித்து வைத்திருக்கிற படத்தாளில் அதைக் காட்ட மாட்டார்கள். கறுப்பாக உருவம் மட்டும் போட்டு அதன் மேல் கேள்விக்குறி வைத்திருப்பார்கள். எத்தனை முட்டைக்கு ஒண்ணு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுக்குப் பேர் நிழல்.

சிரிக்காதீங்க. முப்பது வயசு ஆளுக்கு இது என்ன வேலைன்னு நினைக்கிறீங்க. என் அம்மாவும் அதைத்தான் கேட்கிறாங்க.

நான் திருப்பூரில் ஒரு டையிங் கம்பெனியில் லேப் பார்க்கிறேனுங்க. பேர் நவநீதன். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒரு துணித்துண்டை அனுப்பி இதே கலர் வேணும்பார். எந்தச் சாயம் எத்தனை, எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் கீழே மிஷினில் டன் கணக்கில் துணி இறங்கும். சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. என் சொல்லுக்கு மேல் அங்கே சொல் கிடையாது. முதலாளியே சட்டைத் துணி எடுத்தால் என்கிட்ட ஒருதடவை காட்டிவிட்டுத்தான் தைக்கக் கொடுப்பார்.

என் தராசைப் பார்க்கணும் நீங்க. நாலு பக்கமும் கண்ணாடிக் கதவு. பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் எண் மாறும். ஒரு கிராமை ஆயிரமாகப் பிரித்துக் காட்டும். அதில்தான் முட்டையை வைத்தேன். பத்து ரோபோவுக்கும் முட்டையோடு சேர்த்த எடை என் நோட்டில் இருக்குது. கொக்குதான் லேசு. செங்கொம்பன்தான் கனம், இருபத்தொண்ணு புள்ளி முப்பத்தெட்டு. கம்பெனியில் இதைச் சேர்க்கிறவர்கள் ஆறு பேர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் எண்ணைப் பார்த்து, கொக்கு, செங்கொம்பன் என்று சொல்வேன். அப்புறம் திறப்பார்கள். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. ஒரு தடவைகூட.

அப்படியா, கையில் எடை தெரியுதுங்களா உங்களுக்கு? எது கனமா இருக்குது? வலதா. ஒருதடவை கை மாத்திப் பாருங்க. இப்பவும் வலதுங்கறீங்க. அப்போ அது உங்க கைப் பழக்கமுங்க, முட்டையோட எடை இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் கால் கிராம்தான். பச்சரிசி பன்னிரண்டு மணி. கைக்குத் தெரியாது.

பேனாவில் ஒரு புள்ளி வச்சிருக்கலாமேன்னு நீங்க கேட்கிறது நியாயம்தான். வெளியாள் எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. எங்களுக்குள் ஒரு கட்டு இருக்குது. முட்டை மேல் பேனா படக்கூடாது, ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது, டேப்பில் நகம் படக்கூடாது. பட்டால் அதைப் பிறகு யாரும் கையில் வாங்க மாட்டார்கள். அந்தக் கட்டைப் போட்டதே நான்தான். நானே எப்படி மீறுவேன்.

அந்த ஆறு பேரில் ஒருத்தன் செபா. செபாஸ்டின். மெர்ச்சண்டைசர், பையரோடு பேசுகிற வேலை. அவனைத்தான் இப்போ பார்க்கப் போறேன். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கணும். பதினோரு மணிக்கு அவன் கடை திறப்பு. நான்தான் திறந்து வைக்கணுமாம்.

செபா நல்லவன். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பொருளைப் பேணத் தெரியாதவன். முட்டையைப் பல்லால் கடித்துத் திறப்பான். ஓட்டைக் குப்பையில் போடுவான். ரோபோவைக் கம்ப்யூட்டர் மேல், டிபன் பாக்ஸ் மேல், எங்கே இடம் இருக்கோ அங்கே நிறுத்திவிடுவான். பெருக்குகிற அக்கா துடைக்கும்போது கீழே விழும். அவன் செங்கொம்பனுக்கு ஒரு கொம்பு போனது அப்படித்தான். நான் என்னுடையதை எல்லாம் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, ஒரு பொருள் யாரிடம் இருந்தால் அதுக்கு நல்லது என்று ஒரு கேள்வி இருக்குதில்லைங்களா. அதுக்காகச் சொல்றேன்.

போன ஐப்பசி. மழை விடாமல் பத்து நாள் கொட்டிய சமயம். ஓசாகாவிலிருந்து முராத்தா அம்மா வந்திருந்தாங்க. பையர் தரப்பில் துணியைச் சோதிக்கிறவங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவாங்க. எங்களுக்கு மிட்டாய்க்குப் பதில் முட்டைதான் கொண்டுவருவாங்க, ஒரு பை நிறைய. இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே அவங்கதான்.

அந்தத் தடவை நிலைமை சரியில்லை. அறுநூறு கிலோ நீலத் துணியில் சிவப்பு ஏறிப் போயிருந்தது. அது எப்படி ஆச்சுன்னா, சாய அளவை எழுதும்போது ஒரு எண்ணை நான் இடம் மாற்றி எழுதிவிட்டேன். ஒரே ஒரு எண். யாருக்கும் நடக்கும். முராத்தா அம்மா துணியைக் கலர் பார்க்கிற லைட் பாக்ஸில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். செபா முன்னால் வந்து, தப்பான துணித்துண்டை லேபுக்கு அனுப்பினது நான்தான் என்றான். அவங்க அவனைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, குறித்துக்கொண்டாங்க. அந்த வருஷம் அவனுக்குச் சம்பள உயர்வு இல்லை. சரி, அது வேற விஷயமுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது எல்லாருக்கும் முட்டை கொடுத்தாங்க. எங்களுக்கெல்லாம் அந்தப் பெரிய பையிலிருந்து. செபாவுக்கு மட்டும் கைப்பையைத் திறந்து ஒண்ணை எடுத்து, ரெண்டு கையாலும் நீட்டி, ஜப்பான் பாஷையில் என்னவோ சொன்னாங்க. செபா ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்குப் போய் அந்தப் பாஷையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டவன். நல்லாக் குனிந்து வாங்கினான். பையில் முட்டை தீர்ந்து போயிருக்கும்னு நான் நினைத்தேன்.

நேரே என் லேபுக்கு வந்தான். பல்லால் கடிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். தராசுக்குப் பக்கத்தில் முட்டையை வைத்துவிட்டு, "மாப்ள, நீயே சொல்லு. என்ன இது?" என்றான்.

கதவைச் சாத்தினேன். எண் ஓடி ஓடி நின்றது. இருபத்தொண்ணு புள்ளி அறுபத்திரண்டு.

என் நோட்டில் அந்த எண் இல்லைங்க.

கொஞ்சம் இருங்க, அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. எனக்குத் தொழில் இது. முட்டை ஓட்டில் ஊசித் துளை ரெண்டு இருக்கும், உள்ளே மடித்த காகிதம் ஒண்ணு இருக்கும். பஞ்சும் காகிதமும் காற்றிலிருந்து தண்ணி குடிக்கும். மழைக்காலத்தில் ஒரே துணி காலையில் ஒரு எடை, மத்தியானம் ஒரு எடை. அதனால்தான் நாங்கள் துணியை ஒருநாள் ஆறப் போட்டுவிட்டு நிறுக்கிறோம். பத்து நாள் மழை. காகிதம் குடித்திருக்கும். செங்கொம்பன், அதோடு ஈரம். அப்படித்தான் எனக்குப் பட்டது.

"செங்கொம்பன்தான். சாதாரணம்" என்றேன்.

அவன் எண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "நல்லாப் பாத்தியா மாப்ள?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை வச்சுப் பாரேன்."

"எதுக்கு? ஈரத்தில் கொஞ்சம் கூடக் காட்டுது. செங்கொம்பன்தான்."

அப்புறம் முட்டையை எடுத்து என் மேஜை மேல், என் பக்கமாகத் தள்ளினான். "அப்ப நீயே வச்சுக்க. உங்கிட்டத்தான் செங்கொம்பன் இல்லையே." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் கேட்கலைங்க. அவனாகக் கொடுத்தான். எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். நான் கேட்கலை.

என்னது? காகிதம் எவ்வளவு எடை இருக்குமா? அது சின்னதுதானுங்க. ஒரு கிராம் இருக்கும்.

என்ன கணக்குப் போடறீங்க. ஒரு கிராம் காகிதம் கால் கிராம் தண்ணி குடிக்குமான்னு கேட்கறீங்க. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? ரேஷன் கடையா. அதான். மழைன்னா எல்லாம் நடக்குமுங்க. அந்த மழையை நீங்க பார்க்கலை.

திறந்து பார்த்திருக்கலாம், ஆமா. எனக்குச் செங்கொம்பன் இல்லைதான். மத்தவங்களும் கேட்டாங்க. திறக்காமல் வைப்பதுதான் முறை என்று சொல்லிவிட்டேன். துணியில் சுற்றி லேப் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திரும்பத் தராசிலும் வைக்கவில்லை. எதுக்கு வைக்கணும், அதான் தெரிஞ்ச விஷயமாச்சே.

தை மாசம் செபா வேலையை விட்டுட்டான். அப்பாவுக்கு ஒருபக்கம் கை கால் விழுந்துபோச்சு, ஊரோடு இருக்கணும் என்றான். போகிற அன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக லேபுக்கு வந்தான். அலமாரியைப் பார்த்தான். "பத்திரமா இருக்குல்ல?" என்றான். இருக்குடா என்றேன். "உங்கிட்ட இருந்தா பத்திரம்தான்" என்றான். பாருங்க, அவனே சொன்னான்.

போன வாரம் போன் வந்தது. ஊரில் ஜெராக்ஸ் கடை போடுகிறானாம். நோட்டு, பேனா, பொம்மை எல்லாம் இருக்குமாம். கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டி செய்து அவனுடைய ரோபோக்களை அதில் நிறுத்தியிருக்கிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்களாம். "ரிப்பன் வெட்ற வேலையெல்லாம் வேணாம் மாப்ள. உங்கிட்ட இருக்கிற அந்த முட்டையை எடுத்துக்கிட்டு வா. ஊரே பாக்க நீ அதைத் திற. அதுதான் கடை திறப்பு" என்றான்.

நான் சரின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது.

அன்றைக்கே சென்னையில் ஒரு கடைக்குச் சொல்லி முட்டை வரவழைத்தேன். அவசரத் தபால். ஒவ்வொண்ணாகத் தராசில் வைத்தேன், ஏழாவது முட்டையில் வந்தது, இருபத்தொண்ணு புள்ளி முப்பத்தெட்டு. சுத்தமான செங்கொம்பன். வலது அறையில் வச்சிருந்தது அதுதான்.

மாத்தி வைக்கறதுக்கு இல்லைங்க. அப்படிப் பார்க்காதீங்க. நான் செங்கொம்பன்னு சொன்னேன், செங்கொம்பன் வெளியே வரணும், அவ்வளவுதானே. அவன் செங்கொம்பனுக்குக் கொம்பு போயிருச்சு, அவன் பெட்டிக்கு நல்ல செங்கொம்பன் ஒண்ணு கிடைக்கும். பிள்ளைகளுக்கும் சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க.

அப்போ பழசை எதுக்குக் கொண்டுவந்தேன்னு கேட்கறீங்க. கேளுங்க. காலையில் நானும் என்னையே அதைத்தான் கேட்டேன். அலமாரியில் விட்டுட்டு வர மனசு வரலைங்க. பூட்டிட்டுப் படி இறங்கி, திரும்ப ஏறிப் போய் எடுத்துக்கிட்டு வந்தேன்.

ஒட்டன்சத்திரம் வந்திருச்சு. பஸ் இங்கே நிக்கும். டிரைவர் இறங்கிட்டார், டீக்கடைப் பக்கம்தான் போறார்.

காய்கறித் தராசெல்லாம் ஆகாதுங்க, அது தக்காளி மூட்டைக்கு. ஆமா, நானும் பார்த்தேன், எதிர்வரிசையில் நகைக்கடை. கதவு திறந்துதான் இருக்குது. கண்ணாடிக்குள்ளே தராசுகூடத் தெரியுது. நகைத் தராசில் கால் கிராம் சுளுவாத் தெரியும். ஒரு நிமிஷ வேலை. போய் வச்சா எது எதுன்னு தெரிஞ்சிரும்.

பஸ் கிளம்பிருச்சுன்னா?

நீங்க பையைப் பார்த்துக்குவீங்க, சரி. கண்டக்டர்கிட்டயும் சொல்லுவீங்க. இருந்தாலும் நம்பி இறங்க முடியாதுங்க. வண்டியெல்லாம் குறுக்கே வருது. அவங்களும் காலையில் முதல் வியாபாரம் ஆகாமல் தராசைத் தொட விடுவாங்களா. டிரைவர் கிளாஸை வச்சிட்டார். இல்லை, இன்னொரு கிளாஸ் வாங்கறார். வடை வேற சொல்றார். வேணாமுங்க. போக வர நேரம் ஆயிரும்.

எனக்குக் கை வேர்க்குது. வெயில்தான். ஆவணியில் இப்படி அடிக்குது பாருங்க. சித்திரையில் இதைவிட மோசம். லேப்பில் மூணு நாள் ஏசி ஓடலை, காற்றெல்லாம் காய்ந்து சுடுது, பருத்தித் துணியைத் தொட்டால் அப்பளம் மாதிரி இருக்குது, அன்றைக்குக்கூட இருபத்தொண்ணு புள்ளி அறுபத்திரண்டுதான்.

என்ன பார்க்கறீங்க.

என்ன சொன்னேன் இப்போ?

ஆமாங்க. வச்சேன். சித்திரையில் ஒரு தடவை வச்சேன். அதுக்கு முன்னால் மாசியில் ஒரு தடவை. அதுக்கும் முன்னால், அன்றைக்கே, அவன் போன பிறகு, கதவைச் சாத்திட்டு, ஒன்பது தடவை. ஒரே எண். நூலிழை மாறலை. ஈரமுமில்லை ஒண்ணுமில்லை. எனக்கு முதல் தடவையே தெரியும். எண் நின்றதுமே தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் சாதாரணம்னு சொன்னேன்.

அதை அவன் பல்லால் கடிச்சிருப்பாங்கண்ணா. டிபன் பாக்ஸ் மேல நிறுத்தியிருப்பான்.

பத்து மாசமாத் திறக்கலை. திறந்தா நிழல் என் கையில் இருக்கும். ஆறு பேர் முன்னாடியும் அதை எடுத்து வைக்க முடியாது. எங்கே கிடைச்சுதுன்னு கேட்பாங்க. திறக்காத வரைக்கும் நான் ஒண்ணும் பண்ணலைன்னு இருக்கலாமில்லைங்களா. தப்பாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். தராசு தப்பாதா என்ன. தப்பலாம். திறந்து பார்த்தாத்தானே.

கிளம்பிருச்சு. நான் போயிருக்கலாமுங்க. ஏழு நிமிஷம் நின்னுது. ரெண்டு தடவை போய் வந்திருக்கலாம்.

இன்னும் எத்தனை நேரம்? கால்மணி. சரி. இப்போ ஒரு முடிவுக்கு வரணும். ரெண்டில் ஒண்ணைக் கையில் எடுத்துக்கிட்டு இறங்கறேன். ஒண்ணு பையில் இருக்கும். சரிபாதி வாய்ப்பு. சிவப்பு வந்தா என் பேர் தப்பிச்சுது. கறுப்பு வந்தா, பிள்ளைகளெல்லாம் பார்க்க, செபா பார்க்க, அவன் அப்பாவை நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வச்சிருப்பாங்க, அவரும் பார்க்க. அப்போ முகத்தை எங்கே வச்சுக்குவேன். ஆச்சரியப்படணும். அடேங்கப்பா, எனக்கே தெரியாதுடான்னு சொல்லணும். ஈரம்னு சொல்லிக்கலாம். சொன்னா நம்புவான். அவன் நான் சொன்னா நம்புவான்.

நீங்க சொல்லுங்க, எதை எடுக்கட்டும்? நீங்க பெரியவர், ஒண்ணைக் காட்டுங்க. உங்க மேல பழி வராது.

நீங்க காட்ட மாட்டீங்க. சரி. ஒண்ணு உங்க கையிலயே இருக்கட்டும் அதுவரைக்கும். நான் இதை வச்சிருக்கேன்.

மணி பத்தே முக்கால். இதுதான் ஊர் தொடங்குற இடம்னு நினைக்கிறேன். தென்னந்தோப்பு, பெட்ரோல் பங்க், சரியா இருக்குது. பங்க் தாண்டி இடதுபக்கம்னு சொன்னான். கூட்டம் தெரியுது பாருங்க. யூனிஃபார்மில்லாத பிள்ளைகள், இன்னைக்கு லீவு. பெரிய ஃப்ளெக்ஸ் எல்லாம் கட்டியிருக்கான், இவனுக்கு எதிலும் அளவு கிடையாது.

அண்ணா, அது என் போட்டோ.

கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிற போட்டோ. எங்கேயிருந்து எடுத்தான் இவன்? மாலை போட்ட மாதிரி வேற பண்ணியிருக்கான். என்ன எழுதியிருக்குது, எனக்கு ஜன்னல் கம்பி மறைக்குது, கொஞ்சம் படிங்களேன்.

இன்னொரு தடவை படிங்க.

"பதினொன்றாவது ரோபோ, கறுப்பு நிழலைத் திறந்து வைக்க வருகை தரும், சொன்ன சொல் தப்பாத எங்கள் நவநீதன் அவர்களே, வருக."

கறுப்புன்னா போட்டிருக்குது? நீங்களாப் படிக்கலையே? கறுப்பு நிழல்.

ரெண்டு கையாலயும் குடுத்தாங்கன்னு சொன்னேனில்லைங்களா. கைப்பையிலிருந்து. ஜப்பான் பாஷையில் என்னவோ சொன்னாங்கன்னு. அவங்களும் துணியைச் சோதிக்கிறவங்க, அவங்ககிட்டயும் தராசு இருக்கும், என்ன குடுக்கறோம்னு சொல்லித்தான் குடுத்திருக்காங்க. இவன் தெரிஞ்சுதான் வாங்கியிருக்கான். தெரிஞ்சுக்கிட்டே என் மேஜையில் கொண்டாந்து வச்சு, நீயே சொல்லு மாப்ளன்னு கேட்டிருக்கான். நல்லாப் பாத்தியான்னு கேட்டிருக்கான். ஒரு மனுஷனை இப்படியா பண்றது? இது சரிங்களா? நேரடியாச் சொல்லியிருக்கலாமில்லை. நான் என்ன அவ்வளவு...

இன்னொரு தடவை வச்சுப் பாருன்னு வேற சொன்னான்.

அங்கே நிக்கறான் பாருங்க, வெள்ளைச் சட்டை. இளைச்சுப் போயிருக்கான். என்னைப் பார்த்துட்டான். கை ஆட்டறான். கேலிக்குப் போட்டானா, மரியாதைக்குப் போட்டானான்னு முகத்தில் தெரியுதா பாருங்க. எனக்குத் தெரியலை. அவன் முகத்தில் எதுவுமே தெரியலை, சும்மா கை ஆட்டறான். என் கையில் இருக்கிற முட்டையைப் பார்த்துட்டான். விரலைக் காட்டி என்னவோ கேட்கிறான். அதுதானான்னு கேட்கிறான்.

தெரியலைடா.

ஆமா, சத்தமாத்தான் சொல்லிட்டேன். அவனுக்கும் கேட்டிருக்கும், ஜன்னல் திறந்துதானே இருக்குது. அவன் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவிச்சுக்கிட்டு இன்னொரு தடவை கேட்கறான். நான் தெரியலைன்னு சொல்லி அவன் கேட்டதே இல்லைங்க, அதான்.

இருங்க கண்டக்டர், இறங்கணும், ஒரு ஆள் இறங்கணும்.

அண்ணா, அதையும் குடுங்க. நீங்க வச்சிருக்கிறதையும். இல்லை, பையில் வேணாம். கையில் குடுங்க. ரெண்டு கையிலயும் ரெண்டையும் அவன் பார்க்கட்டும்.